சமையற்கட்டிலும் தேவ சமுகம்

வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: ஆதியாகமம் 28:10–22, யாத்திராகமம் 33:12–17, நெகேமியா 2:1–8, லூக்கா 10:38–42

அதிகாலையில் முழங்காலில் நிற்கும் அரைமணி நேரத்தில் தேவன் அருகில் இருக்கிறார் என்று விசுவாசிப்பது அநேகருக்கு எளிதாகவே இருக்கிறது. அந்த விசுவாசம் எட்டு மணிக்குப் பேருந்து நெரிசலில் மங்குகிறது. பத்து மணிக்கு அலுவலக மேஜையில் மறைகிறது. மாலையில் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு அது வந்து சேருவதே இல்லை. அந்த அரைமணி நேரமும் வாய்க்காதவர்கள் உண்டு. கைக்குழந்தையோடும் படுக்கையில் கிடக்கும் முதியவரோடும் நாளைக் கழிக்கும் தாய், இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும் செவிலியர், மாநிலம் விட்டு மாநிலம் லாரி ஓட்டுகிறவர் ஆகியோரின் உள்ளத்தில் ஒரு குற்றவுணர்வு தங்கிவிடுகிறது. ஜெப வாழ்க்கை ஊழியர்களுக்கு உரியது, தங்களுக்குக் கிடைத்தது வேலை மாத்திரமே என்று அவர்கள் எண்ணி, மெல்ல மெல்ல ஜெபிப்பதையே விட்டுவிடுகிறார்கள். இது சிறிய இழப்பல்ல. தேவனோடு நடப்பதற்கென்று கொடுக்கப்பட்ட நாளின் பெரும்பகுதி இப்படித்தான் அவர் இல்லாததுபோல் கழிகிறது.

வேதாகமம் இந்தக் குற்றவுணர்வை ஆதரிக்கிறதா என்பதையும், வேலையின் நடுவே தேவ சமுகத்தை அறிந்து வாழ்ந்த ஒருவரின் அனுபவத்தையும், அதை அன்றாட வாழ்வில் பழகும் வழியையும் இந்தப் பாடம் ஆராய்கிறது.

1. 'சமுகம்' என்னும் சொல்

தமிழ் வேதாகமத்தில் 'சமுகம்' என்று வாசிக்கப்படும் பல இடங்களில் எபிரெய மூலத்தில் உள்ள சொல் 'பானீம்' என்பதாகும். அதன் நேர்ப்பொருள் முகம். தேவ சமுகத்தில் நிற்பது என்றால் அவருடைய முகத்துக்கு முன்பாக நிற்பது என்று பொருள். மோசே யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தில், தேவ சமுகம் கூட வராவிட்டால் அந்த இடத்தைவிட்டுத் தங்களைக் கொண்டுபோக வேண்டாம் என்று மன்றாடினார். அவர் கேட்டது மனதுக்கு இதமான ஓர் உணர்ச்சியை அல்ல. முகம் திருப்பிக்கொள்ளாத தேவன் வழிநெடுகிலும் கூட வரவேண்டும் என்பதையே கேட்டார். பாளையத்தைப் பெயர்ப்பதும், கூடாரம் அடிப்பதும், தண்ணீர் தேடுவதும், வழக்குத் தீர்ப்பதும் அந்தப் பயணத்தில் அடங்கியிருந்தன.

ஆசரிப்புக் கூடாரத்தில் இருந்த 'சமுகத்தப்பம்' என்பதும் இதே சொல்லோடு சேர்ந்தது. பன்னிரண்டு அப்பங்கள் ஓய்வுநாள்தோறும் புதிதாக அடுக்கப்பட வேண்டும் என்று லேவியராகமம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அடுக்கும் வேலையைக் குறித்து அநேகர் வாசித்திருப்பார்கள். அவற்றை ஆயத்தம்பண்ணும் பொறுப்பு யாருடையது என்பதை 1 நாளாகமம் 9:32 தெரிவிக்கிறது: கோகாத்தியரில் சிலர் அதற்கென்றே நியமிக்கப்பட்டிருந்தார்கள். வாரந்தோறும் மாவு பிசைந்து அப்பம் சுட்ட அந்த மனிதர்களின் பெயர்கள் அவ்வசனத்தில் இல்லை. ஆயினும் அவர்களுடைய கைவேலைதான் தேவ முகத்துக்கு முன்பாக வைக்கப்பட்டது.

2. யாக்கோபு அறியாதிருந்தது

பெத்தேலில் யாக்கோபு கண்ட சொப்பனத்தைத் தியானிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் அங்கே ஜெபிக்கப் போகவில்லை. அண்ணனை ஏமாற்றிவிட்டு உயிருக்குப் பயந்து ஓடும் வழியில், சூரியன் அஸ்தமித்தபடியால் ஒரு கல்லைத் தலையணையாக வைத்துப் படுத்தான். விழித்தபோது, கர்த்தர் அந்த இடத்தில் இருந்ததையும் அதைத் தான் அறியாதிருந்ததையும் அறிக்கையிட்டான். அந்த இரவில் கர்த்தர் புதிதாக அவ்விடத்துக்கு வரவில்லை. யாக்கோபின் அறிவுதான் மாறிற்று.

இதுவே இந்தப் பாடத்தின் அடிப்படை. தேவ சமுகம் மனிதனுடைய முயற்சியால் உண்டாக்கப்படுவது அன்று. சங்கீதம் 139 சொல்லுகிறபடி, வானத்திற்கு ஏறினாலும் பாதாளத்தில் படுக்கை போட்டாலும் அதைவிட்டு விலகிப்போக இடமில்லை. ஏற்கெனவே அருகில் இருக்கிறவரிடம் கவனத்தைத் திருப்புவதே விசுவாசியின் பங்கு. ஒருவருடைய உணர்ச்சி அவர் அருகில் இருப்பதற்குச் சான்றும் அன்று. உணர்ச்சி இல்லாமை அவர் விலகிவிட்டதற்குச் சான்றும் அன்று.

3. பாரிஸ் மடத்துச் சமையற்காரர்

இந்தச் சத்தியத்தை வாழ்ந்து காட்டியவர்களில் சகோதரர் லாரன்ஸ் குறிப்பிடத்தக்கவர். அவருடைய இயற்பெயர் நிக்கோலா ஹெர்மான். ஏறக்குறைய 1614ஆம் ஆண்டில், லொரேன் நாட்டில் லூனேவில் நகருக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினெட்டாவது வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தபோது, இது விரைவில் துளிர்த்துப் பூத்துக் காய்க்குமே என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. தேவனுடைய பராமரிப்பைக் குறித்த ஆழமான உணர்வை அந்தக் காட்சி அவருக்குக் கொடுத்தது.

முப்பதாண்டுப் போரில் போர்வீரராகப் பணிபுரிந்து காயமடைந்தார். பின்பு ஒரு செல்வந்தரிடம் ஏவலாளாக இருந்தார். கைபட்டதையெல்லாம் உடைக்கும் அவலட்சணமான வேலைக்காரன் என்று தம்மைத் தாமே வர்ணித்திருக்கிறார். 1640ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் வோஜிரார் தெருவிலிருந்த கர்மேல் சபைத் துறவிகளின் மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டத்துக்குரிய கல்வி இல்லாதபடியால் ஊழியம் செய்யும் சகோதரராகவே ஏற்றுக்கொள்ளப்பட்டார். மடம் அவருக்குக் கொடுத்த இடம் சமையலறை.

சமையல் வேலையின்மேல் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு இருந்தது. ஆகிலும் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அங்கே உழைத்தார். காலில் புண் உண்டாகி நிற்க இயலாமற்போனபின், உட்கார்ந்து செய்யத்தக்க பாதரட்சை தைக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். ஒருமுறை மடத்துக்கு வேண்டிய திராட்சரசம் வாங்கப் புர்கோஞ் பகுதிக்கு அனுப்பப்பட்டார். வியாபாரம் அவருக்குத் தெரியாது. கால் ஊனமாயிருந்ததால் படகில் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் நகர முடிந்தது. இது தேவனுடைய வேலை என்று அவரிடமே சொல்லிவிட்டுப் புறப்பட்டதாகவும், காரியம் நன்றாகவே முடிந்ததாகவும் பின்னாளில் கூறினார்.

1666ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி ஜோசப் தெ போஃபோர் என்னும் குரு அவரைச் சந்தித்து உரையாடத் தொடங்கினார். லாரன்ஸ் 1691ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி காலமானார். அதன்பின் அவருடைய உரையாடல்களின் குறிப்புகளையும் கடிதங்களையும் போஃபோர் வெளியிட்டார். தேவ பிரசன்னத்தைப் பழகுதல் என்னும் பொருளுள்ள தலைப்பில் பல மொழிகளில் வாசிக்கப்படும் சிறுநூல் இவற்றிலிருந்து உருவானதே. கத்தோலிக்க மடத்தில் பிறந்த அந்த நூலைச் சீர்திருத்தச் சபையாரும் ஆவலோடு ஏற்றுக்கொண்டனர். புத்தகம் எழுதும் எண்ணமே இல்லாத ஒரு சமையற்காரரிடமிருந்து அது திருச்சபைக்குக் கிடைத்தது.

4. அவர் பழகிய முறை

லாரன்ஸின் முறையில் மறைபொருள் எதுவும் இல்லை. வேலையைத் தொடங்குமுன் அதைத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்துச் சில வார்த்தைகள் பேசுவார். வேலையின் நடுவே அவரை நோக்குவார். முடிந்தபின் செய்த விதத்தை ஆராய்வார். நன்றாகச் செய்திருந்தால் நன்றி சொல்வார், தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்பார். சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும், தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதையும் தேவ அன்பினிமித்தம் செய்யலாம் என்பது அவருடைய போதனை. செயலின் பெருமையைத் தேவன் பார்ப்பதில்லை, அதைச் செய்ய ஏவும் அன்பையே பார்க்கிறார் என்று அவர் நம்பினார்.

மடத்தில் ஜெபத்துக்கென்று குறித்த வேளைகள் இருந்தன. மேலதிகாரிகள் சொன்னபடி அவ்வேளைகளில் அவரும் ஜெபித்தார். ஆனால் ஜெபவேளை முடிந்து சமையலறைக்குப் போகும்போது தேவனைவிட்டுப் போவதாக அவர் எண்ணவில்லை.

முக்கியமாகக் கற்றுக்கொள்ள வேண்டியது, தவறும்போது அவர் நடந்துகொண்ட விதம். மனம் அலைந்துபோனதை உணர்ந்தவுடன் தம்மைத் திட்டிக்கொண்டு நேரம் கழிக்கவில்லை. தமது பலவீனத்தை ஒத்துக்கொண்டு, தேவன் தாங்காவிட்டால் இனியும் இப்படித்தான் தவறுவேன் என்று அறிக்கையிட்டு, சமாதானத்தோடு மறுபடியும் அவரிடம் திரும்பினார். பலர் இந்தப் பழக்கத்தைத் தொடங்கி மூன்றாம் நாளே கைவிடுவதன் காரணம் இங்கே விளங்குகிறது. ஐம்பது முறை மறந்ததை அவர்கள் தோல்வியாக எண்ணுகிறார்கள். ஐம்பது முறை திரும்பி வருவதே அந்தப் பழக்கம் என்பதை லாரன்ஸ் அறிந்திருந்தார்.

5. பத்து ஆண்டு இருள்

இவை யாவும் அவருக்கு இயல்பாக வந்துவிட்டதாக எண்ணக்கூடாது. மடத்தில் சேர்ந்தபின் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கடுமையான உள்வேதனையை அனுபவித்ததாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பழைய பாவங்கள் கண்முன் நின்றன. அடிக்கடி விழுந்தார், எழுந்தார். மனிதரும், பகுத்தறிவும், தேவனுங்கூடத் தமக்கு விரோதமாயிருப்பதாகத் தோன்றிற்று. விசுவாசம் ஒன்றே தம் பக்கம் நின்றதாகக் கூறுகிறார்.

அந்த இருளிலிருந்து அவர் வெளிவந்த விதம் கருத்தூன்றிக் கவனிக்கத்தக்கது. விடுதலைக்கான வழியை அவர் கண்டுபிடிக்கவில்லை. தம் வாழ்நாளெல்லாம் இந்த வேதனை நீடித்தாலும் தேவ அன்பினிமித்தம் இப்படியே இருப்பேன் என்று தீர்மானித்தார். அதன்பின்புதான் உள்ளம் மாறி ஆழ்ந்த சமாதானம் பிறந்தது. ஆறுதலுக்காகத் தேவனைத் தேடுவதிலிருந்து தேவனுக்காகவே தேவனைத் தேடுவதற்கு அவர் அந்நாளில் கடந்துபோனார்.

ஜெபத்தில் வறட்சியை அனுபவிக்கிறவர்களுக்கு இது பெரிய தைரியம். தேவன் தன்னைவிட்டு விலகிவிட்டார் என்று கலங்கும் விசுவாசி, உணர்ச்சி திரும்பும்வரை ஜெபத்தை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஐசுவரியவானின் வாசலில் கிடக்கும் பேச இயலாத ஏழையைப்போலத் தேவனுக்கு முன்பாக இருக்கும்படி லாரன்ஸ் ஒருவருக்கு ஆலோசனை எழுதினார். வார்த்தைகள் வராத நாளிலும் வாசலில் இருக்க முடியும்.

6. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே

இப்படிப்பட்ட ஜெபத்துக்கு வேதாகமத்திலேயே அழகான முன்மாதிரி உண்டு. நெகேமியா பாரசீக அரசனாகிய அர்தசஷ்டாவின் பானபாத்திரக்காரன். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டு உபவாசித்து, நாட்கணக்காக மன்றாடினவன். இரண்டாம் அதிகாரத்தில், வேலையில் நிற்கும்போதே ராஜா, நீ கேட்கிற காரியம் என்னவென்று அவனை வினவுகிறான். பதில் சொல்லத் தாமதிக்க முடியாது. அறைக்குள் போய் முழங்கால்படியிடவும் முடியாது. நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்து, உடனே ராஜாவுக்குப் பதில் சொன்னான். ஒரு மூச்சு நேர ஜெபம் அது. எருசலேமின் அலங்கம் கட்டப்படுவதற்கு அந்த உரையாடல் வழிதிறந்தது.

முதலாம் அதிகாரத்தின் நீண்ட மன்றாட்டும் இரண்டாம் அதிகாரத்தின் கணநேர ஜெபமும் ஒன்றுக்கொன்று துணையானவை. தானியேல் தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டான். ஆண்டவராகிய இயேசுவும் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். குறித்த வேளை வாய்க்கும்போது அதை விட்டுவிட இந்தப் பாடம் ஒருவருக்கும் சாக்காகக் கூடாது.

7. மார்த்தாளின் குறை எது?

லூக்கா 10ஆம் அதிகாரத்தை வாசித்துச் சமையல் ஆவிக்குரியதல்ல என்று முடிவுசெய்கிறவர்கள் உண்டு. ஆண்டவர் மார்த்தாளிடம் சுட்டிக்காட்டியது அவளுடைய கவலையையும் கலக்கத்தையுமே. பற்பல வேலைகளால் இழுக்கப்பட்டு, வீட்டில் வந்திருந்தவரை விட்டு அவள் மனம் விலகிப்போயிற்று. சகோதரியின்மேல் குறை சொல்லும்படி அது அவளைக் கொண்டுவந்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவரோ யோவான் 21ஆம் அதிகாரத்தில் கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீஷர்களைச் சாப்பிட அழைத்தார். அடுப்பின் அருகே நிற்கிற எவரும் இந்தக் காட்சியை மறக்க வேண்டியதில்லை.

சகரியா 14ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கர்த்தருடைய நாளில் குதிரைகளின் மணிகளிலும் பரிசுத்தம் என்ற எழுத்து இருக்கும். கர்த்தருடைய ஆலயத்திலுள்ள பானைகள் பலிபீடத்துக்கு முன்னுள்ள கலங்களைப்போலிருக்கும்; எருசலேமிலும் யூதாவிலுமுள்ள பானைகளெல்லாம் கர்த்தருக்குப் பரிசுத்தமாயிருக்கும். பிரதான ஆசாரியனின் பாகையில் எழுதப்பட்டிருந்த சொல், வண்டிக் குதிரைக்கும் வீட்டுப் பானைக்கும் வந்து சேருகிறது.

8. சமுகத்தின் கனி

தேவ சமுகத்தில் வாழ்வதாகச் சொல்லுகிறவர் அருகிலிருக்கும் மனிதரிடம் எப்படி நடக்கிறார் என்பதே அதன் சோதனை. காண்கிற சகோதரனை நேசியாதவன் காணாத தேவனை எப்படி நேசிப்பான் என்ற பொருளில் 1 யோவான் 4:20 கேட்கிறது.

இதற்கு ஃபிராங்க் லாபாக் (1884–1970) என்னும் மிஷனெரியின் வாழ்க்கை சாட்சியாகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில், லானாவோ ஏரிக்கரையிலுள்ள டன்சாலன் ஊரில் (இன்றைய மராவி) மரனாவ் இஸ்லாமியரிடையே பணிசெய்தார். 1930ஆம் ஆண்டில், விழித்திருக்கும் நேரமெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் தேவனை நினைக்கப் பழகுவதென்று தீர்மானித்து, அந்த அனுபவங்களைத் தம் தகப்பனாருக்குக் கடிதங்களாக எழுதினார். ஊருக்குப் பின்னாலிருந்த குன்றின்மேல் ஒரு மாலை ஜெபிக்கையில், தாம் அந்த மக்களை உள்ளூர இழிவாக எண்ணிவந்ததைத் தேவன் உணர்த்தினார். குன்றிலிருந்து இறங்கியவர் அவர்களிடமே மாணவராகப் போனார். எழுதப்படிக்கத் தெரியாதிருந்தவர்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே எளிய பாட அட்டைகளை ஆயத்தம்பண்ணினார். பணம் இல்லாதபோது, கற்றவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற முறை பிறந்தது. 1935ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்கும் வந்து இங்குள்ள எழுத்தறிவுப் பணிக்கு உதவினார். குன்றின்மேல் தேடிய தேவ சமுகம் அவரைக் கரும்பலகைக்கு முன்பாகக் கொண்டுவந்து நிறுத்திற்று.

9. பழகத் தொடங்கும் வழி

முதலாவது, நாளில் தவறாமல் வரும் ஒரு சிறு செயலைத் தெரிந்துகொள்ளலாம். கடையின் பூட்டைத் திறப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, வண்டியைக் கிளப்புவது, தொலைபேசியை எடுப்பது ஆகியவற்றுள் ஒன்று போதும். அந்தச் செயலின்போது ஒரு வரி ஜெபம் ஏறெடுக்க வேண்டும். அது பழகியபின் இரண்டாவது செயலைச் சேர்க்கலாம்.

இரண்டாவது, காத்திருக்கும் நேரங்களை மீட்டுக்கொள்ளலாம். ரேஷன் கடை வரிசையும், மருத்துவமனை இருக்கையும், வராத பேருந்தும் எரிச்சலுக்கும் இடமாகலாம். சுற்றியிருப்பவர்களுக்காக மன்றாடும் இடமுமாகலாம்.

மூன்றாவது, மறந்ததை உணரும் கணத்தில் வருத்தத்தில் தங்காமல் உடனே திரும்ப வேண்டும். எத்தனை முறை மறந்தோம் என்று கணக்கு வைப்பதில் பயனில்லை.

நான்காவது, வேலையைக் கவனமாகச் செய்ய வேண்டும். ஜெபிக்கிறேன் என்று சோற்றைக் கரியவிடுவதும் கணக்கைத் தவறாக எழுதுவதும் ஆவிக்குரிய அடையாளங்கள் அல்ல. கொலோசெயர் 3:23இல் எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யும்படி பவுல் எழுதியது, தங்கள் வேலையைத் தெரிந்தெடுக்கும் உரிமையே இல்லாத அடிமைகளுக்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

10. நாளின் நடுவே ஏறெடுக்கத்தக்க சிறு ஜெபங்கள்

வேலை தொடங்கும்போது: ஆண்டவரே, இந்த வேலை உம்முடையது. என் கைகளையும் உமக்கே தருகிறேன். கூட இரும்.

நெருக்கத்தின் நடுவே: தேவனே, நீர் இங்கே இருக்கிறீர். எனக்கு அது போதும்.

கோபம் எழும்போது: இயேசுவே, இவரையும் உமது முகத்துக்கு முன்பாகக் காணச் செய்யும். என் நாவைக் காத்துக்கொள்ளும்.

தவறியபின்: பிதாவே, மறந்துபோனேன். நீர் என்னை மறக்கவில்லை. திரும்பி வருகிறேன்.

உள்ளம் வறண்ட நாளில்: ஆண்டவரே, சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. உம்முடைய வாசலில் இருக்கிறேன்.

இரவில் விளக்கை அணைக்கும்போது: இன்றைக்கு முடிந்ததையும் முடியாததையும் உம்மிடம் வைக்கிறேன். நான் உறங்குகையிலும் உறங்காதவரே, உமக்கு ஸ்தோத்திரம்.

சிந்தனைக்கு

1. பெத்தேலில் யாக்கோபின் நிலைமை எத்தகையது? தேவ சமுகம் மனிதனுடைய தகுதியைச் சார்ந்ததா?

2. நெகேமியாவின் கணநேர ஜெபத்துக்கு முந்தின நாட்களின் ஜெபம் எவ்விதம் உதவிற்று?

3. ஆறுதலுக்காகத் தேவனைத் தேடுவதற்கும் தேவனுக்காகவே தேவனைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு என்ன?

4. அன்றாட வேலைகளில் மிகவும் வெறுக்கும் வேலை எது? நாளைக் காலையில் அதைத் தேவனுக்கு முன்பாகச் செய்தால் எது மாறும்?

ஜெபம்

பரம பிதாவே, ஆலயத்திலும் அறைவீட்டிலும் உம்மைத் தேடின உம்முடைய பிள்ளைகள், அடுப்பங்கரையிலும் வயலிலும் பணியிடத்திலும் நீர் காத்திருந்ததை அறியாமற்போனார்கள். அவர்களுடைய கண்களைத் திறந்தருளும். ஜெபிக்க நேரமில்லை என்று மனம் நொந்திருப்பவர்களுக்கு, அவர்கள் நிற்கும் இடத்திலேயே உம்முடைய முகத்தைக் காண்பியும். இருளில் நடக்கிறவர்கள் உணர்ச்சியைத் தேடாமல் உம்மைப் பற்றிக்கொள்ளக் கிருபை செய்யும். அவர்கள் கைகள் தொடுகிற பானையும் ஏரும் எழுதுகோலும் உமக்குப் பரிசுத்தமாயிருப்பதாக. எங்களோடிருக்கிற கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.